பளபளா உரித்த கற்கள்

என் அண்ணனுக்கு அவன் வேலை செய்த தெருக்களில் எல்லாம் பளபளா என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லி விசாரித்தால் யாரு, எவரு என்று முழிப்பார்கள். பளபளா என்று கேட்டால் போதும், வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள்.

கல் பதிக்கிற வேலை அவனுக்கு. வீட்டு முன்புறம், கொல்லைப்புறம், வண்டி நிறுத்துகிற இடம், கடை வாசல் என்று தரையில் எங்கே கல் பாவ வேண்டுமானாலும் அவனைக் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் பதித்து முடித்ததும் ஒருமுறை பெருக்கித் தள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவன் கிளம்பமாட்டான். கல் நன்றாகக் காய்கிற வரை காத்திருந்து, மேலே சீலர் அடிப்பான். கறை இறங்காமல், தண்ணீர் ஊறாமல் இருக்கக் கல்லின் மேல் பூசுகிற சமாச்சாரம் அது. காய்ந்தால் மெல்லிய தோல் மாதிரி படிந்துகொள்ளும், பார்க்க ஈரமாக மின்னும். ஒரு கோட் போதும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. எங்கள் ஆள் கேட்பானா? மேலே இன்னொன்று, அதற்கு மேலே இன்னொன்று. "குனிஞ்சா முகம் தெரியணும்" என்பான். முகம் பார்க்க வீட்டில் கண்ணாடி இல்லையா, தரையில் எதற்கு உனக்கு முகம் என்று நானே கேட்டிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அண்ணனுக்கு என் வாய் ஒரு பொருட்டே கிடையாது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். சிரித்துவிட்டு அவன் நினைத்ததைத்தான் செய்வான்.

சொந்த வீடு கட்டியபோது கொல்லைப்புறத்துக்கு அவனே கல் தேடிக்கொண்டு அலைந்தான். குவாரிக்குப் போய் வெயிலில் நின்று ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்து எடுத்து வந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்கக்கூட அவன் அவ்வளவு சிரமப்படவில்லை. என் அண்ணியை நாங்கள்தான் பார்த்துப் பேசி முடித்தோம். அவன் வேலை இருக்கிறதென்று கடைசியில்தான் வந்தான். பதித்தது சாம்பலும் பழுப்பும் கலந்த கற்கள். இடைவெளி எல்லாம் ஒரே அளவு, சாந்து ஒரே மட்டம். ஊரார் வீட்டுக்கே மூன்று கோட் அடிக்கிறவன் தன் வீட்டுக்கு எத்தனை அடித்திருப்பான்! போதாக்குறைக்கு வருஷா வருஷம் வெயில் காலத்தில் புதிதாக ஒன்று. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் கொல்லைப்புறத்தைக் காட்ட இழுத்துக்கொண்டு போவான்.

அண்ணி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைப்பவர். பின் கதவை ஒட்டி ஒரு தகரக் கூரை இறக்கி, அதன் கீழே தையல் மெஷினைப் போட்டிருந்தார். அங்கேதான் அவருடைய நாள் முழுவதும் போகும். துணி காயப் போடுகிற கொடி அங்கே, செடித் தொட்டிகள் அங்கே, மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்கிற மரப் பெஞ்சும் அங்கே. எங்கள் அண்ணி சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நான் பத்து வார்த்தை பேசுகிற இடத்தில் அவர் ஒரு வார்த்தை பேசுவார், அதையும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசுவார். அப்படிப்பட்டவர் வாய்விட்டுச் சொன்ன ஒரே குறை, மழை பெய்தால் கல் வழுக்குகிறது என்பதுதான். ஒருமுறை இல்லை, வருஷக்கணக்காகச் சொன்னார். சீலர் தடித்துப்போனால் கல்லின் சொரசொரப்பு மூடிப்போய்விடும். நனைந்தால் எண்ணெய் கொட்டினது மாதிரிதான். இது அண்ணனுக்குத் தெரியாதா? வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாம் ஜாக்கிரதை சொல்லிவிட்டு வருகிறவன்தானே. ஆனால் பெண்டாட்டி சொன்னால் மட்டும், செருப்பு தேய்ந்திருக்கும், மாற்று என்பான். அண்ணி செருப்பை மாற்றிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் மத்தியானம் திடீரென்று தூறல் பிடித்தது. கொடியில் தைத்து முடித்த சட்டைகளை அலசிக் காயப் போட்டிருந்தார் அண்ணி. அவசரமாக எடுக்கப் போனவர் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. அண்ணன் அன்றைக்கு வேலையில்லாமல் வீட்டில் இருந்தான், அதனால் ஆஸ்பத்திரிக்குத் தாமதமில்லாமல் கொண்டுபோக முடிந்தது. ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த பிறகு பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணன்தான் நடந்ததைச் சொல்வான். சத்தம் கேட்டது, சாப்பாட்டுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன், தூக்கினேன், நல்லவேளை நான் இருந்தேன் என்று. வந்தவர்களும் நல்லவேளை, நல்லவேளை என்பார்கள். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். வலியாக இருக்கும் என்று நாங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வோம்.

வீட்டுக்கு வந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைக்கப் பழகினார். பழகினவர் செய்த முதல் காரியம், என்னைக் கூப்பிட்டுப் பின் கதவைச் சாத்தச் சொன்னது. வெளிச்சமே வராதே அண்ணி என்றேன். பரவாயில்லை, சாத்து என்றார். அன்றைக்குச் சாத்திய கதவு. தையல் மெஷினை முன் அறைக்குத் தூக்கி வந்து போட்டோம். செடிகள் வாடின. நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினால், எதற்கு உனக்குச் சிரமம் என்பார். நன்றாக நடக்க வந்த பிறகும், வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறிய பிறகும், அந்தக் கதவின் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசுவதும் குறைந்துபோனது. ஏற்கெனவே குறைவாகப் பேசுகிறவர் இன்னும் குறைத்தால் என்ன மிச்சம் இருக்கும்? சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா, மருந்து வாங்கணும், அவ்வளவுதான்.

அண்ணன் உடைந்துபோய்விட்டான். எதற்கும் சிரிக்கிறவன் சிரிப்பதை நிறுத்தினான். என் வீடு அடுத்த தெரு. சாயங்காலம் வந்து உட்கார்ந்துகொள்வான். அவ அத்தனை தடவை சொன்னா, நான் கேக்கல என்பான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் சொல்வான். கோபப்படுகிற எனக்கே பாவமாக இருந்தது. ஒருநாள் வந்தவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. கல்லையெல்லாம் பெயர்த்து எடுக்கப் போகிறேன் என்றான். அவன் மகள் அன்றைக்கு வந்திருந்தாள். நல்ல முடிவுப்பா, எல்லாத்தையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு சிமென்ட் தளம் போட்டுவிடுங்கள், அம்மா நிம்மதியாக நடப்பார்கள் என்றாள். அதில் தப்பென்ன இருக்கிறது? நானும் அதைத்தான் சொன்னேன்.

"கல்லு என்னம்மா தப்புப் பண்ணிச்சு? நான் மேல பூசினதுதான் தப்பு" என்றான் அண்ணன். பூசியதை எல்லாம் உரித்துவிட்டு அதே கற்களை மறுபடியும் பதிக்கப் போகிறானாம். பழைய சொரசொரப்பு வந்துவிடுமாம். அவள் தைரியமாகக் கால் வைப்பாளாம். அவள் கதவைத் திறந்துகொண்டு வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் தனக்கு வேறொன்றும் வேண்டாமாம். அதற்கு மேல் நாங்கள் எதிர்த்துப் பேசவில்லை. இதையெல்லாம் அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டாயா என்று மட்டும் கேட்டேன். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வாள், செய்து முடித்துவிட்டுக் காட்டுகிறேன் என்றான்.

ஆரம்பித்தான். கடப்பாரையைக் கொடுத்து நெம்பி ஒவ்வொரு கல்லாக எழுப்பினான். எது எங்கே இருந்தது என்று அடிப்பக்கம் பெயின்டால் குறித்துக்கொண்டான். இடுக்கில் ஒட்டியிருந்த சாந்தைத் தட்டி எடுத்தான். மதில் ஓரமாகக் குச்சி கொடுத்து வரிசையாகச் சாய்த்து வைத்தான். அது வரைக்கும் சரி. உரிக்க உட்கார்ந்தபோதுதான் ஐயா மாட்டிக்கொண்டார். வாழ்நாள் முழுக்கப் பூசியவனுக்கு உரிக்கத் தெரியவில்லை! இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் பூசியதைத் திரும்ப எடுத்ததில்லை. எடுக்க வேண்டி வரும் என்று நினைத்திருந்தால்தானே.

முதலில் கம்பி பிரஷை வைத்துத் தேய்த்தான். சீலர் போகவில்லை, கல்லில் கோடு விழுந்தது. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தான். ஏற்கெனவே உரிந்து தொங்கியது மட்டும் போனது. ஒட்டியிருந்தது ஒட்டியபடி இருந்தது. அவனும் தலையிலிருந்து கால் வரை நனைந்து தும்மிக்கொண்டு வந்து நின்றான். பிறகு ஆசிட்டை எடுத்தான். சிமென்ட் கறைக்கு ஊற்றுகிற பழக்கத்தில் இதற்கும் ஊற்றிவிட்டான். சீலர் இருந்த இடத்தில் ஆசிட்டுக்கு வேலையே இல்லை, வழிந்து ஓடிவிட்டது. சீலர் போய்க் கல் வெளியே தெரிந்த இடத்தில் மட்டும் நுரைத்துக்கொண்டு கல்லை அரித்துவிட்டது. நாலைந்து கற்கள் அம்மைத் தழும்போடு நின்றன. அவன் அதன் முன்னால் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

கடைசியில் பெயின்ட் கடைக்காரர்தான் வழி சொன்னார். சீலரை உரிப்பதற்கென்றே கூழ் மாதிரி ஒரு மருந்து இருக்கிறதாம். அதைக் கல்லின் மேல் தடியாக அப்பி, காய்ந்துபோகாமல் மேலே பாலித்தீன் தாளைப் போட்டு மூடி, அப்படியே ஊறவிட வேண்டும். பொறுமையாக இருந்து தாளை எடுத்துப் பார்த்தால், அத்தனை வருஷத்துச் சீலரும் சுருங்கிப் பொங்கி நிற்கும். பிளாஸ்டிக் தகட்டால் வழித்து எடுக்கலாம். எடுத்த பிறகு கழுவிவிட்டு, காய்ந்ததும் மேலே கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். துளி முத்து முத்தாக நின்றால் இன்னும் சீலர் இருக்கிறது, மறுபடியும் அப்பு. கல் தண்ணீரைக் குடித்துக் கறுத்தால் சுத்தமாகிவிட்டது. முதல் கல் தண்ணீரைக் குடித்தபோது அண்ணன் என்னை வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பிக் காட்டினான். அவன் கையெல்லாம் கையுறையையும் மீறிக் கொப்பளித்திருந்தது. "பாரு, குடிக்குது" என்று கல்லையே காட்டிக்கொண்டிருந்தான்.

வேலை செய்தது மருந்து. ஆனால் அதன் நாற்றம் இருக்கிறதே, அப்பப்பா. மூக்கில் ஏறினால் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் கொல்லைப்புறம் போனால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்பேன். கதவு சாத்தியிருந்தாலும் அண்ணி படுக்கிற அறையின் ஜன்னல் அந்தப் பக்கம்தான். அண்ணன் ஜன்னலுக்கும் தாள் ஒட்டிப் பார்த்தான், ஈரத் துணி தொங்கவிட்டுப் பார்த்தான். அண்ணி முதல் வாரம் தலைவலி என்றார். அடுத்த வாரம் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. கொஞ்சம் நிறுத்திவிட்டு அப்புறம் பாரேன் என்று சொன்னேன். பாதியில் விட்டால் எப்படி, சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் அவள் வெளியே வரலாம் இல்லையா என்றான். அவன் சொல்கிற நியாயம் அவனுக்கு மட்டும் நியாயமாக இருக்கும்.

மகள் வந்து பார்த்துவிட்டு ஆடித் தீர்த்துவிட்டாள். அம்மாவைக் குணப்படுத்துகிறேன் என்று அம்மாவையே கொல்லப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். வேலை முடிந்து நாற்றம் போகிற வரைக்கும் தன் வீட்டில் இருக்கட்டும் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கு ஊரின் அந்தக் கோடியில் மூன்றாவது மாடியில் ஃபிளாட், லிஃப்ட் இருக்கிறது. அண்ணியின் பையை நான்தான் எடுத்து வைத்தேன். நாலு மாற்றுத் துணி, மாத்திரை, சீப்பு. அண்ணி மேஜையைக் காட்டி, துணி வெட்டுகிற கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் வைக்கச் சொன்னார். நாற்றம் போகிற வரைக்கும் தங்கப் போகிறவருக்குக் கத்தரிக்கோல் எதற்கு என்று எனக்கு உறுத்தியது. அண்ணன் வாசலில் ஆட்டோவை நிறுத்துவதில் மும்முரமாக இருந்தான், கவனிக்கவில்லை. நானும் அவனிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவன் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே. வெளியே வந்த வேலைகளை எல்லாம் தள்ளிப் போட்டான். காலையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை அப்புவதும் மூடுவதும் வழிப்பதும் கழுவுவதும்தான். மேல்புறம் மட்டும் செய்தால் போதாதா என்றால், ஓரத்தில் சீலர் இருந்தால் புதுச் சாந்து பிடிக்காது என்று நாலு ஓரமும் உரித்தான். சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வருவான். தட்டின் முன்னால் உட்கார்ந்தும் கல்லைப் பற்றித்தான் பேச்சு. மகள் வீட்டுக்குப் போனாயா, அண்ணியைப் பார்த்தாயா என்று கேட்டால், இந்தக் கையோடும் நாற்றத்தோடும் எப்படிப் போவது, முடித்துவிட்டுப் போகிறேன் என்பான். ஃபோன் செய்வான். எப்படி இருக்கே என்பான், அப்புறம் இன்றைக்கு எந்த வரிசை முடிந்தது என்று சொல்வான். அந்தப் பக்கம் அண்ணி ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பார் போலிருக்கிறது.

உரித்து முடித்த கற்களைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கல் கல்லாக இருந்தது. அண்ணனுக்குத்தான் தாங்கவில்லை. மங்கலாக, வெளிறி, மாவு பூசினது மாதிரி இருக்கிறதென்று அங்கலாய்த்தான். ஒருநாள் போய்ப் பார்த்தால் புதிதாக ஒரு டப்பா இருந்தது. இது வேற, பளபளக்காத சீலர், வழுக்கவே வழுக்காது, கறைக்கு மட்டும்தான் என்று இழுத்தான். எனக்கு வந்த கோபத்தில் டப்பாவைத் தூக்கிக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் நானே கொடுத்துவிட்டு வந்தேன். உனக்குக் கல்லு முக்கியமா, கட்டினவ முக்கியமா என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்டுவிட்டேன். வாயில் வந்ததைக் கேட்டேன், அவ்வளவுதான். இனிமேல் டப்பாவைத் தொடமாட்டேன் என்றான். தொடவும் இல்லை. வெளி வேலைக்குக் கூப்பிட வந்தவர்களிடமும் சீலர் வேண்டுமென்றால் வேற ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டான். பளபளாவா இப்படிச் சொல்கிறான் என்று ஊரே கேட்டது.

மணலை மட்டம் பார்த்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி, ஒவ்வொரு கல்லையும் அதனதன் இடத்திலேயே வைத்தான். தண்ணீர் தேங்காமல் ஓட இந்த முறை கொஞ்சம் சரிவும் கொடுத்தான். பெஞ்சுக்குப் போகிற வழியில் மதிலோடு ஒரு கைப்பிடிக் குழாய் பதித்தான். பின் கதவுப் படியைத் தணித்தான். அரித்துப்போன கற்களை மட்டும் இடம் மாற்றி, அண்ணி கால் படாத மூலைக்குத் தள்ளினான். எல்லாம் முடிந்ததும் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்து பார்த்தான். அதோடு விட்டானா? என்னை நடக்கச் சொன்னான். தபால்காரரை உள்ளே கூப்பிட்டு நடக்கச் சொன்னான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் தோளில் சிலிண்டரோடு நடந்து காட்டிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு டீச்சர், எனக்கும் இடுப்பு உடைஞ்சா யார் பார்ப்பது என்று சிரித்துக்கொண்டே மாட்டேன் என்றார். கடைசியில் அவரும் நடந்தார். யாருக்கும் வழுக்கவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு அண்ணன் அன்றைக்குத்தான் சிரித்தான். வாடிய செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுசு வைத்தான். மெஷினைப் பழையபடி தகரக் கூரையின் கீழே நகர்த்திப் போட்டு எண்ணெயும் விட்டான்.

மறுநாள் காலையில் முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றான். நீயும் வா, உன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றான். பஸ் ஏறிப் போனோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். வரும்போது ஆட்டோவில் வர வேண்டும், பள்ளம் மேடு பார்த்து ஓட்டுகிற ஆளாகப் பார்க்க வேண்டும் என்றெல்லாம்.

மகள் வீட்டில் ஜன்னலை ஒட்டி மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒன்று இருந்தது. அண்ணி அதில் உட்கார்ந்து ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுக்காரர்கள் தைக்கச் சொல்லிக் கொடுத்த துணியாம். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், நான் தடுத்துவிட்டேன். அண்ணன் எதிரில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சரிவு கொடுத்ததை, குழாய் பதித்ததை, தபால்காரர் நடந்ததை. அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டார். மகள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"வா, போலாம். இனிமே வழுக்காது" என்றான்.

அண்ணி மடியில் கிடந்த துணியை மடித்து வைத்தார். "நல்லாத்தான் செஞ்சிருப்பீங்க. வழுக்குதுன்னு சொன்னதைத் தவிர உங்க வேலையில நான் என்னங்க குறை சொன்னேன்?" என்றார். பிறகு, "நான் வழுக்கும்னு பயந்துதான் அந்தப் பக்கம் வரலைன்னு நினைச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். எனக்கென்ன தெரியும்?

"அன்னைக்குத் துணி எடுக்க இரும்பு வாளியோட போனேன். நான் ஒரு பக்கம் விழுந்தேன், வாளி ஒரு பக்கம் போய் விழுந்துச்சு. சத்தம் கேட்டு நீங்க ஓடி வந்தீங்க. என்னைத் தாண்டிப் போனீங்க. வாளி விழுந்த இடத்துல குனிஞ்சு, கல்லைத் தடவிப் பாத்தீங்க. அப்புறம்தான் திரும்பி என்கிட்ட வந்தீங்க." குரல் ஏறவே இல்லை, எப்போதும் பேசுகிற மாதிரியேதான் பேசினார். "ரொம்ப நேரம் இல்லைங்க. ஆனா நான் கீழ கிடந்தேன்."

அப்படியெல்லாம் இருக்காது அண்ணி, பதற்றத்தில் உங்களுக்கு அப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மகளும் அதையேதான் சொல்ல வந்தாள் என்று நினைக்கிறேன். அண்ணன் கையைக் காட்டி எங்களை நிறுத்தினான்.

"ஆமா" என்றான். "பாத்தேன்."

அண்ணி தலையை ஆட்டினார். அவன் இல்லையென்று சொல்லாததே போதும் என்கிற மாதிரி இருந்தது. டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றார். அண்ணன் குடித்தான். அதற்குப் பிறகு அவன் வா என்று கூப்பிடவில்லை, அண்ணியும் வரேன் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது அவன் கையில் ஆறாமல் இருந்த கொப்பளத்தைப் பார்த்துவிட்டு, மகளிடம் களிம்பு எடுத்து வரச் சொல்லிப் போட்டுவிட்டார். பார்த்துப் போங்க என்றார். இவ்வளவு நல்ல மனுஷியை வீட்டில் வைத்துக்கொள்ள அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று இருந்தது. அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை அவனுக்குக் கொடுத்தேன். ஒரு நொடிப் பழக்கம்தானே, வேலைக்காரன் கண் வேலையில்தான் போகும், அண்ணிக்கு ஆறிவிடும், கொஞ்ச நாள் போகட்டும் என்று நானாகவே ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தேன்.

"அது மட்டும் இல்ல" என்றான் அண்ணன். "தடவிப் பாத்தேன்ல, கல்லு உடையல. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அந்த முகத்தோடதான் அவ பக்கம் திரும்பினேன். அவ என் முகத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தா."

நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து எழுப்பிக் கீழே இறக்கினேன்.